சிறுநீரக நோயும் இரத்தச்சோகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் மருந்து கொடுப்பது என் தொழில். கிளினிக் முடிந்து துண்டோடு வருகிறவர்கள் டொக்டரிடம் கேட்க நேரம் கிடைக்காததை எங்களிடம்தான் கேட்பார்கள். அதிலும் சிறுநீரக நோயாளிகளின் வீட்டார் இரத்தக் குறைவைப் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். மருந்தின் அளவை முடிவுசெய்வது உங்கள் வைத்தியர்தான். அவர் ஏன் அப்படி முடிவெடுக்கிறார் என்று விளங்கிக்கொள்ள இது உதவும்.

அம்மாவுக்குப் பழுது கிட்னியிலதானே. ரத்தம் ஏன் குறையுது?

சிறுநீரகம் கழிவை வெளியேற்றுவதோடு நிற்பதில்லை. எரித்ரோபொயட்டின் என்ற ஹோர்மோனையும் அதுதான் சுரக்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்தால் அந்த ஹோர்மோன் கூடும், எலும்பு மச்சை உடனே சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். சிறுநீரகம் சுருங்கச் சுருங்க இந்தச் சுரப்பும் தளர்ந்துபோகிறது. மச்சை நல்ல நிலையில் இருந்தாலும் வேலை தொடங்கச் சொல்லும் கட்டளை அதற்குப் போய்ச் சேர்வதில்லை.

வேறு காரணங்களும் கூடச் சேரும். சாதாரணமாக ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். சிறுநீரக நோயில் அந்த ஆயுள் குறைகிறது. பசி குறைவதால் சாப்பாடும் குறையும். உடலில் ஓயாமல் இருக்கும் அழற்சி இரும்பைப் பூட்டி வைத்துவிடும் (இதைக் கீழே பெரிட்டின் பற்றிய கேள்வியில் விளக்கியிருக்கிறேன்). டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் குழாயிலும் வடிகட்டியிலும் கொஞ்சம் இரத்தம் தங்கிவிடும்.

ஹீமோகுளோபின் எத்தனைக்குக் கீழ போனா பயப்பட வேணும்? எத்தனை மாசத்துக்கு ஒருக்கா பார்க்கிறது?

ஆண்களுக்கு டெசிலீட்டருக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே போனால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்காக 11.8 வந்தவுடன் எரித்ரோபொயட்டின் (ஈபிஓ) ஊசி போடுவதில்லை. காரணத்தைத் தேடத் தொடங்குவதற்கான எல்லை அது.

இரத்தச்சோகை இல்லாதவர்களும், சிறுநீரக நோய் மூன்றாம் கட்டத்தில் இருந்தால் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். நான்காம், ஐந்தாம் கட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு தடவை, டயாலிசிஸில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஊசி தொடங்கியவர்களுக்கு முதலில் மாதாமாதம் பார்ப்பார்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தனியொரு எண்ணைவிட, அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.

மாடிப்படி ஏற இளைக்குது, நாள் முழுக்கக் களைப்பு. வயசாலதானே?

வயதென்று சொல்லிக் கடந்துபோவதால்தான் பலருக்கு இது தாமதமாகத் தெரியவருகிறது. இரத்தம் மெல்ல மெல்லக் குறையும்போது உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது. கோவிலுக்கு நடந்து போனவர் ஓட்டோ கேட்பார், பிறகு வீட்டிலேயே இருந்துவிடுவார், ஒருவரும் கவனிப்பதில்லை. குளிர் தாங்காமை, தலைச்சுற்று, நெஞ்சு படபடப்பு, கவனம் சிதறுதல், கால் பரபரத்து நித்திரை வராமை, இவையெல்லாம் இரத்தச்சோகையாலும் வரும்.

வவுனியா, அநுராதபுரம் பக்கத்துச் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலும் அதை அண்டிய இடங்களிலும் காணப்படும் காரணம் தெரியாத சிறுநீரக நோய், பிரஷரோ சீனி வருத்தமோ இல்லாத விவசாயிகளுக்கும் வருகிறது. அவர்களில் சிலருக்கு முதலில் தெரியவருவதே இந்தக் களைப்புத்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் இரத்தச் சோதனையை ஒரு தடவை பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். அந்த நோயின் மூலகாரணம் வேறாக இருந்தாலும், இரத்தச்சோகைக்கான வைத்தியம் இங்கே சொல்வதேதான்.

நெஞ்சு வலித்தாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மலம் தார் போலப் போனாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம், முருங்கை இலை… சாப்பாட்டாலயே ஏத்த ஏலாதா?

அன்போடு கேட்கப்படும் கேள்வி இது. வீட்டில் உள்ளவர்களுக்குத் தங்கள் கையால் செய்யக்கூடியது சாப்பாடுதான். ஆனால் முதல் கேள்வியைத் திரும்பப் பாருங்கள்: குறைந்திருப்பது ஹோர்மோன். எந்தப் பழத்திலும் அது இல்லை. இரும்பு குறைந்திருந்தாலும், ஒரு நாள் சாப்பாட்டிலிருந்து உடல் உறிஞ்சுவது 1 அல்லது 2 மில்லிகிராம் இரும்புதான். டயாலிசிஸ் நோயாளி ஆண்டொன்றுக்கு 1 முதல் 2 கிராம் வரை இழக்கிறார். அதைச் சமையலறையால் ஈடுகட்ட முடியாது.

பயன் இல்லை என்பதோடு ஆபத்தும் உண்டு. நீங்கள் பட்டியலிட்ட நாலிலும் பொட்டாசியம் உண்டு. செவ்விளநீரிலும் அப்படியே. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். காமரங்காய்ச் சாறு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஒரு நஞ்சைச் சிறுநீரக நோயாளியின் உடல் வெளியேற்றாது. விக்கலில் தொடங்கி வலிப்பு, மயக்கம் வரை போனவர்கள் இருக்கிறார்கள், இறந்தவர்களும் இருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வேலையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். மீன், கோழி, முட்டை வெள்ளைக்கரு ஆகியவை அளவோடு தேவை. எவ்வளவு என்பது நோயின் கட்டத்தைப் பொறுத்தது, டயாலிசிஸுக்கு முன்னர் ஓர் அளவு, தொடங்கிய பிறகு இன்னோர் அளவு. கீரையை நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். இரத்தம் ஏற்றும் வேலையை மட்டும் சாப்பாட்டின் தலையில் போடாதீர்கள்.

ரிப்போர்ட்டில பெரிட்டின் 300 எண்டு கிடக்கு. நெட்டில பார்த்தா அது நோர்மல். பிறகேன் இரும்பு ஏத்தச் சொல்லினம்?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் குழப்புவது இதுதான், கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். பெரிட்டின் என்பது சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் அளவு. ஆனால் உடலில் எங்காவது அழற்சியோ கிருமியோ இருந்தால் இரும்பு கூடாமலே பெரிட்டின் ஏறும். சிறுநீரக நோயில் அழற்சி ஏறக்குறைய எப்போதும் இருக்கும். அதே அழற்சி, ஈரலில் ஹெப்சிடின் என்ற பொருளையும் கூட்டிவிடுகிறது. சேமிப்பிலிருக்கும் இரும்பை வெளியே விடாமலும், குடல் புதிய இரும்பை உறிஞ்சாமலும் தடுப்பது அந்த ஹெப்சிடின்தான். இரும்பு உள்ளே இருக்கும், மச்சைக்குப் போகாது.

அதனால் ட்ரான்ஸ்பெரின் செறிவு என்ற இன்னோர் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓடும் இரத்தத்தில் மச்சைக்குக் கிடைக்கக்கூடிய இரும்பை அது சதவீதமாகக் காட்டும். அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்து, பெரிட்டினும் 100க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடு உறுதி. ஹீமோடயாலிசிஸில் (மெஷினால் இரத்தத்தை வடிகட்டும் டயாலிசிஸ்) இருப்பவருக்குப் பெரிட்டின் எல்லையை 200 என்று வைப்பார்கள். பெரிட்டின் 300, செறிவு 14 சதவீதம் என்று இருந்தால் இரும்பு பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம், அங்கே ஊசி வழி இரும்பு பலன் தரக்கூடும். உலகளவில் பின்பற்றப்பட்டுவந்த 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, செறிவு 30 சதவீதம் வரையும் பெரிட்டின் 500 வரையும் உள்ளவர்களுக்கு இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்றது. ஆரோக்கியமானவர்களுக்கான நோர்மல் அளவை வைத்து இதை மட்டிட முடியாது.

காய்ச்சல் வந்த கிழமை எடுத்த பெரிட்டினை நம்ப வேண்டாம். இரத்தம் எடுக்கும் நாளில் சளி, காய்ச்சல், காலில் புண் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இரும்புக் குளிசை போதாதா? ஏன் ஊசி?

டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் பல நேரம் குளிசையில்தான் தொடங்குவார்கள், ஒன்று முதல் மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பார்கள். 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேட் குளிசை ஒன்றில் உள்ள உண்மையான இரும்பு 65 மில்லிகிராம். மலம் கறுக்கும், அது இரும்பின் நிறம். பிசுபிசுத்து, கெட்ட மணத்தோடு தாராகப் போனால்தான் வேறு கதை.

குளிசையை வீணாக்கும் இரண்டு பழக்கங்களைத் தினமும் பார்க்கிறேன். ஒன்று, பிளேன்டீயோடு விழுங்குவது. தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பை உறிஞ்ச விடாது. மற்றது, இரத்தத்தில் பொஸ்பரஸ் ஏறாமல் இருக்கச் சாப்பாட்டோடு போடும் கல்சியம் கார்பனேற்றையும் இரும்பையும் ஒரே வாயில் போடுவது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் வந்து சொல்லுங்கள், வகையையோ நேரத்தையோ மாற்றலாம்.

ஹீமோடயாலிசிஸ் நோயாளிக்குக் குளிசை பெரும்பாலும் போதாது. இழப்பும் அதிகம், ஹெப்சிடின் குடலையும் அடைத்திருக்கிறது. அவருக்கு டயாலிசிஸ் குழாயிலேயே இரும்பைக் கொடுப்பது சுலபம், தனியாக நரம்பு குத்தத் தேவையில்லை.

இரும்பு ஏத்தேக்க சிலருக்கு ஒத்துக்கொள்ளாம மயங்கி விழுந்தவையாம். உண்மையா?

கடும் ஒவ்வாமை வரலாம், ஆனால் மிக அரிது. அந்தப் பயம் பழைய வகை டெக்ஸ்ட்ரான் இரும்பிலிருந்து வந்தது. இப்போது அதிகம் பயன்படும் அயன் சுக்ரோஸ் பாதுகாப்பானது. 100 அல்லது 200 மில்லிகிராமாகப் பிரித்து, மொத்தம் 1000 மில்லிகிராம் வரும்வரை சில தடவைகளில் கொடுப்பது வழக்கம். ஏற்றியபின் அரை மணித்தியாலம் அங்கேயே இருங்கள். பஸ் போய்விடும் என்று எழும்பி வராதீர்கள். அவசர மருந்து வசதி இல்லாத இடத்திலோ வீட்டிலோ ஏற்றவே கூடாது.

கடும் கிருமித்தொற்று இருக்கும்போது இரும்பைத் தள்ளிப்போடுவார்கள். மற்றபடி, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரும்பைத் தாராளமாகக் கொடுப்பது கெடுதலா என்பதை 2,141 பேரை வைத்துப் பிரிட்டனில் சோதித்தார்கள். 2019இல் வெளிவந்த பிவோட்டல் ஆய்வு அது. இரும்பு மிஞ்சாமல் மேல் எல்லை வைத்து மாதம் 400 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, மரணம் ஆகியவை சேர்ந்து குறைவாகவே இருந்தன, கிருமித்தொற்றும் கூடவில்லை. ஈபிஓ ஊசியும் குறைவாகவே தேவைப்பட்டது.

ஈபிஓ ஊசி எண்டா என்ன? போட்டு எத்தனை நாள்ல ஏறும்?

சிறுநீரகம் சுரக்காத எரித்ரோபொயட்டினையே ஆய்வுகூடத்தில் தயாரித்துத் தருவதுதான் இந்த ஊசி. 1977இல் ஆய்வாளர்கள் 2,500 லீட்டருக்கும் மேலான மனிதச் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராமை மட்டும் பிரித்தெடுத்தார்கள். 1989இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. எப்போயட்டின் வகையைப் பெரும்பாலும் கிழமைக்கு ஒன்று முதல் மூன்று தடவை போடுவார்கள். டார்பெபொயட்டின் கிழமைக்கு அல்லது இரண்டு கிழமைக்கு ஒன்று. இன்னும் நீண்டநேரம் நிற்கும் வகை ஒன்று உண்டு, அளவு நிலைத்தபின் மாதத்துக்கு ஒன்று போதும்.

வீட்டுக்கு மேசன் வந்தாலும் கல் இல்லாவிட்டால் சுவர் எழும்பாது. ஊசி மேசன், இரும்பு கல். அதனால்தான் இரும்பைப் பார்க்காமல் ஊசி தொடங்குவதில்லை. இரும்பு சரியாக இருந்தால் இரண்டு முதல் ஆறு கிழமைக்குள் ஏற்றம் தெரியத் தொடங்கும். மாதத்துக்கு 1 முதல் 2 கிராம் ஏறினால் நல்ல வேகம். அதற்கு மேல் ஏறினால் அளவைக் குறைப்பார்கள், வேகமும் ஆபத்துத்தான்.

அரச வைத்தியசாலைகளிலும், மாளிகாவத்தையிலுள்ள தேசிய சிறுநீரக நிறுவனத்திலும் இந்த வைத்தியத்துக்குக் காசில்லை. இருப்பு இல்லாதபோது வெளியே வாங்கச் சொல்லித் துண்டு தருவார்கள். 2022 நெருக்கடியின்போது எத்தனை குடும்பங்கள் ஒரு ஊசிக்காகக் கடை கடையாக அலைந்தன என்பதை நேரில் கண்டோம். கிடைக்காத கிழமையில் சும்மா இருந்துவிடாமல் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். வேறு வகைக்கு மாற்றும் வழி அவர்களுக்குத் தெரியும்.

பார்மசியில வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கலாமா? கரன்ட் போனா?

வைக்கலாம், 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள். பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம், பிரீசரில் வேண்டவே வேண்டாம். உறைந்த ஊசி உருகினாலும் உதவாது. குலுக்கவும் கூடாது. கொழும்பு வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோவதற்கு ஐஸ் பை போட்ட பெட்டி தேவை, ஐஸில் நேரடியாகத் தொடவிடாமல் துணி சுற்றுங்கள்.

ஓரிரண்டு மணித்தியாலம் கரன்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள், போதும். நீண்ட நேரம் போனால் ஊசியின் பெயரோடு பார்மசியில் கேளுங்கள். வெளியில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். பார்வைக்குத் தெளிவாக இருப்பதை வைத்து நல்லது என்று முடிவுகட்ட முடியாது.

இப்ப 11 வந்திட்டுது, அப்பா நல்லா நடக்கிறார். இன்னும் ரெண்டு ஊசி போட்டு 14 ஆக்கினா இன்னும் நல்லம்தானே?

இல்லை. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. ஒரு காலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் நம்பினார்கள், சோதித்துப் பார்த்தபோது விடை வேறாக வந்தது. 2006இல் வெளிவந்த சொயர் ஆய்வில் 13.5ஐக் குறிவைத்தவர்களுக்கு, 11.3ஐக் குறிவைத்தவர்களைவிட மரணமும் இதயப் பாதிப்பும் சேர்ந்து கூடின. 2009இல் ட்ரீட் ஆய்வு, நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ள 4,038 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பாதியினருக்கு 13ஐக் குறிவைத்து ஊசியால் ஏற்றினார்கள். மறு பாதியினருக்கு 9க்குக் கீழே போனால் மட்டும் ஊசி. ஏற்றப்பட்டவர்களில் 101 பேருக்குப் பக்கவாதம், மற்றவர்களில் 53 பேருக்கு.

அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 11.5 வரை வைத்திருக்கிறார்கள், ஊசியால் 13ஐத் தாண்ட விடுவதில்லை. அதற்கு மேல் போனால் இரத்தம் தடிக்கும், பிரஷர் ஏறும், டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்த இரத்தக்குழாய் (பிஸ்டுலா) அடைபடக்கூடும். 11இல் அப்பா நடக்கிறார் என்றால் வைத்தியம் பலித்திருக்கிறது. மிஞ்சிய ஊசியைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

ஊசியில்லாமல் தானாகவே 13, 14இல் நிற்கிறவர்களும் உண்டு, நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் (பொலிசிஸ்டிக்) உள்ள சிலரைப் போல. அவர்களுக்கு இந்த எல்லை பொருந்தாது, வலிந்து குறைக்கத் தேவையில்லை.

ஊசி போட்ட பிறகு தலையிடியும் பிரஷரும். நிப்பாட்டலாமா?

நீங்களாக நிறுத்தாமல் அன்றே சொல்லுங்கள். பிரஷர் ஏறுவது இந்த ஊசியின் தெரிந்த பக்கவிளைவு. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னர் பிரஷர் பார்க்க வேண்டும், கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஊசியைத் தள்ளிப்போட்டு முதலில் அதைச் சரிசெய்வார்கள். கடும் தலையிடியோடு பார்வை மங்கினாலோ வலிப்பு வந்தாலோ அது அவசர நிலை.

மாசக்கணக்கா ஊசி போடுறம், 8ஐ விட்டு அசையுதில்ல. மருந்து போலியா?

போலியோ என்று சந்தேகப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியவை கனக்க உண்டு. முதலில் இரும்பு, கல் தீர்ந்திருக்கலாம். அடுத்தது மறைந்திருக்கும் கிருமி: டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட குழாய், பல், காலில் ஆறாத புண். டயாலிசிஸ் நேரத்தைக் குறைத்துக்கொள்கிறவர்களுக்கு ஊசி சரியாக வேலை செய்யாது, நாலு மணித்தியாலம் என்றால் நாலு மணித்தியாலம் இருக்க வேண்டும். கழுத்துச் சுரப்பியிலிருந்து வரும் பராதைரொயிட் ஹோர்மோன் மிகவும் ஏறியிருந்தாலும், பி12 அல்லது போலேற் விற்றமின் குறைந்திருந்தாலும் இதே நிலைதான். ஊசி பிரிட்ஜுக்கு வெளியே இருந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் இங்கே கணிசமாக இருக்கிறார்கள், பலருக்கு அது தெரியாது. சிவப்பணு மிகச் சிறியதாக இருந்தும் இரும்பு குறைவில்லை என்றால் ஹீமோகுளோபின் வகை பார்க்கும் சோதனையைக் கேட்கலாம். அப்படிப்பட்டவருக்கு இரும்பை மேலும் மேலும் கொடுப்பது கெடுதல்.

நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஊசி சில மாதத்தின் பின் சட்டென்று கைவிட்டு, கிழமைக்கு ஒரு கிராம் என்று இறங்கினால் அது வேறு விடயம். ஊசிக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கலாம். மிக அரிது, ஆனால் அப்போது அந்த ஊசி வகையையே முழுக்க நிறுத்த வேண்டும்.

கிரியேற்றினின் 1.8தான், ஆனா ஹீமோகுளோபின் 7. இதுவும் கிட்னியாலதானா?

நல்ல கேள்வி, வைத்தியரிடமும் கட்டாயம் கேளுங்கள். சிறுநீரகம் ஓரளவு வேலை செய்யும்போதே இரத்தம் இவ்வளவு விழுந்தால் வேறெங்கோ காரணம் இருக்கக்கூடும். வயிற்றுப்புண்ணிலிருந்து மெல்லக் கசியும் இரத்தம், மூலம், குடல் புற்றுநோய், பெண்களுக்கு அதிக மாதவிடாய். முதியவருக்கு எலும்பு நோவும் சேர்ந்தால் மச்சையில் வரும் மைலோமா புற்றுநோயையும் தேடுவார்கள். அது சிறுநீரகத்தையும் கெடுக்கும், இரத்தத்தையும் குறைக்கும்.

முழங்கால் நோவுக்கு டைக்லோபெனக், ஐபுபுரோபென் கேட்டு வருகிறவர்களிடம் நான் கையெடுத்துக் கேட்பது ஒன்றுதான்: சிறுநீரக நோய் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். அந்தக் குளிசைகள் வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும், மிஞ்சியிருக்கும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். பரசிட்டமோலோடு சமாளிக்கப் பாருங்கள்.

இவ்வளவு கரைச்சல் ஏன்? ரெண்டு பைன்ட் ரத்தம் ஏத்தினா சரிதானே?

உயிர் ஆபத்தில் இருக்கும்போது, இரத்தப்போக்கின்போது, நெஞ்சு வலிக்கும்போது ஏற்றத்தான் வேண்டும். இலங்கையில் கிடைக்கும் இரத்தம் முழுக்கத் தன்னார்வமாகக் கொடுப்பவர்களிடமிருந்து வருவது, நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையம் அதைப் பரிசோதித்துத்தான் வழங்குகிறது. ஒரு பை ஏறக்குறைய 1 கிராம் உயர்த்தும். சில கிழமைகளில் அது மறுபடி இறங்கும், மூலகாரணம் அப்படியே இருப்பதால்.

பெரிய விலை ஒன்று உண்டு. பிறருடைய இரத்தம் ஏறும்போது உடல் அந்நிய அணுக்களுக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்கலாம். நாளைக்குச் சிறுநீரகம் மாற்றும்போது, மகனோ தங்கச்சியோ கொடுக்க முன்வந்தும் பொருந்தாமல் போவதற்கு அதுவே காரணமாகலாம். மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர் என்றால், இரத்தம் ஏற்ற எழுதும்போதே அதை ஞாபகப்படுத்துங்கள். ஈபிஓ ஊசி வருவதற்கு முன்னர் டயாலிசிஸ் நோயாளிகள் இரத்தம் ஏற்றி ஏற்றியே வாழ்ந்தார்கள், இரும்பு மிஞ்சி ஈரலும் இதயமும் கெட்டன.

சீனிக்கு மூண்டு மாசச் சோதனை 6.1 வந்திருக்கு. ஊசி தொடங்கின பிறகு சீனியும் குறைஞ்சிட்டுதே?

மகிழ்ச்சிப்பட அவசரப்பட வேண்டாம். அந்தச் சோதனை, சிவப்பணுவில் நாளடைவில் ஒட்டும் சீனியை அளக்கிறது. ஊசியும் இரும்பும் புது அணுக்களை நிறைய உண்டாக்குகின்றன. புது அணுவில் சீனி ஒட்ட நேரமே இருந்திருக்காது, அதனால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும். இரத்தம் ஏற்றினாலும் அப்படித்தான். இரும்புக் குறைபாட்டில் நேர்மாறாகக் கூட்டிக் காட்டவும் செய்யும். விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளை எழுதி வைத்து இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். அந்த 6.1ஐ மட்டும் பார்த்து இன்சுலினைக் குறைக்காதீர்கள்.

சென்னையில இதுக்குக் குளிசை இருக்காம், ஊசியே தேவையில்லையாம். ஆக்கள் வரேக்க கொண்டுவரச் சொல்லவா?

அப்படி ஒரு குளிசைக் குடும்பம் உண்மையில் உண்டு. ஒட்சிசன் குறைவை உடல் எப்படி உணர்கிறது என்பதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த வழியைத் தூண்டி, உடலையே எரித்ரோபொயட்டின் சுரக்கச் செய்யும் மருந்துகள் இவை. ரொக்சாடுஸ்டாட் 2018இல் சீனாவில் வந்தது. இந்தியாவில் டெசிடுஸ்டாட் 2022இல் அனுமதி பெற்றது. அமெரிக்கா 2023இல் டாப்ரோடுஸ்டாட்டை டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அனுமதித்தது, இரத்தக்கட்டி ஆபத்து பற்றிய கடும் எச்சரிக்கையோடு.

குளிசை என்பதால் இலேசானது என்று நினைக்க வேண்டாம். 14 ஆக்கலாமா என்ற கேள்விக்குச் சொன்ன ஆபத்துகள் இங்கேயும் உண்டு, மாதச் சோதனை இங்கேயும் வேண்டும். புற்றுநோய் இருந்தவர்கள், நீரிழிவால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் சிறுநீரக வைத்தியர் எழுதி, அவரே தொடர்ந்து பார்ப்பார் என்றால் பேசலாம். சூட்கேசில் வந்த மருந்தை யாருக்கும் சொல்லாமல் போடுவது ஆபத்து.

முந்தி மார்புப் புற்றுநோய் வந்து சுகமானவ. அவவுக்கு இந்த ஊசி போடலாமா?

வைத்தியருக்கு அந்த வரலாறு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். புற்றுநோய் உள்ளவர்களில் இந்த ஊசி கட்டியை வளர்க்கவும் ஆயுளைக் குறைக்கவும் கூடும் என்ற எச்சரிக்கை உண்டு. சுகமானவருக்கு முற்றாகத் தடை இல்லை. முதலில் இரும்பால் முடிந்ததைச் செய்து, ஊசி தேவையென்றால் மிகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் இதே கவனம்.

கிட்னி மாத்தினா இந்தச் சோகையும் போயிடுமா?

பெரும்பாலும் போகும். புதிய சிறுநீரகம் ஹோர்மோனைச் சுரக்கத் தொடங்கி சில கிழமை முதல் சில மாதத்துக்குள் ஹீமோகுளோபின் ஏறும். பிறகு மறுபடி குறைந்தால் காரணம் தேட வேண்டும், உடல் நிராகரிக்காமல் இருக்கப் போடும் மருந்துகளில் சிலவும் மச்சையை அடக்கும். புதிய சிறுநீரகம் தளர்வதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

அப்பாவுக்கு 83. டயாலிசிஸ் வேண்டாம் எண்டு எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்திட்டம். ரத்தத்துக்கு மட்டும் மருந்து செய்யலாமா, இல்ல அதுவும் வீண்தானா?

வீண் இல்லை. டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கு மிஞ்சியிருக்கும் வைத்தியங்களில் உடனே சுகம் தெரியக்கூடியது இது. இரத்தம் 7இலிருந்து 10க்கு வந்தால் ஒருவர் தானாக எழும்பிக் குளிக்கலாம், பேரப்பிள்ளையோடு கதைக்கலாம். டயாலிசிஸை மறுத்ததற்காக இதையும் மறுக்கத் தேவையில்லை, கிளினிக்கில் ஒருவரும் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள்.

பயணத்தைக் குறைப்பதுதான் இங்கே முக்கியம். சிறு ஊசியாகக் கிழமைக்கு மூன்று தடவை அலைவதைவிட, மாதம் ஒரு தடவை போடும் நீண்டகால ஊசியைக் கேளுங்கள். இரும்பையும் ஒரே நாளில் கூடிய அளவு கொடுக்கும் வகை உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் தோலின்கீழ் ஊசி போடக்கூடிய ஒருவரை, அல்லது குடும்பத்தில் ஒருவரை, கிளினிக் நேர்ஸ் பழக்கிவிடுவார். பிரஷர் அளக்கும் மெஷின் ஒன்று மட்டும் வீட்டில் இருக்க வேண்டும். எண்ணைவிட அப்பா எப்படி உணர்கிறார் என்பதை வைத்து அளவை நகர்த்தலாமா என்று வைத்தியரோடு கதையுங்கள், இந்த வயதில் பலரும் அதற்கு ஒத்துக்கொள்வார்கள்.